கரையேறிய சொற்கள் – 9: குண்டு விழுந்த இடம் வரை

1690 செப்டம்பர் மாதம். கெடிலம் கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் நின்ற ஒரு சிறு கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியிருந்தது. விற்றவர் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராம், சிவாஜியின் மகன். சென்னைப்பட்டினத்தில் அப்போது கவர்னர் எலிஹூ யேல். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கோட்டை சரி, அதோடு சேர்ந்து வரும் நிலம் எவ்வளவு? கணக்கு காணியிலும் இல்லை, குழியிலும் இல்லை. பெரிய பீரங்கி ஒன்றின் 'ரேண்டம் ஷாட்' எட்டும் தூரம் வரை உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. பீரங்கியைத் திசைக்கொன்றாகத் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் கைமாறின. கடலூர்ப் பட்டினமும் அதில் போயிற்று.

அந்த ஊர்களைக் 'குண்டு கிராமங்கள்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது, குண்டுசாலை என்று ஒரு சாலை இருக்கிறது. இரண்டையுமே உள்ளூர்க்காரர்கள் அந்தப் பீரங்கியோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ரேண்டம் என்றதும் இன்று நம் மனத்தில் என்ன வருகிறது? குறியில்லாமல், ஏனோதானோவென்று. கணினி படிக்கும் பிள்ளைகள் ரேண்டம் எண் என்பார்கள். முறையோ வரிசையோ இல்லாத எண். அந்த நினைப்போடு 1690-இன் பேரத்தைப் படித்தால், யாரோ ஒரு சிப்பாய் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான், போகிற இடம் போகட்டும் என்று விட்டான் என்றே தோன்றும். சரித்திரம் எழுதியவர்கள் சிலரும் அப்படித்தான் எழுதிவிட்டார்கள். அது பிழை.

ரேண்டம் பழைய பிரெஞ்சுச் சொல். ராந்தோன் என்றால் பாய்ச்சல், தறிகெட்ட வேகம். குதிரை கடிவாளத்துக்கு அடங்காமல் ஓடுவது ராந்தோன். ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் முதலில் அந்த வேகம்தான் பொருள். பிறகு பீரங்கிக்காரர்கள் அதைத் தங்கள் தொழிற்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் சுடுவதற்கு இரண்டு வழி உண்டு. குழலை மட்டமாக வைத்து எதிரே உள்ள குறியை நேராக அடிப்பது பாயின்ட் பிளாங்க். குழலின் வாயைத் தூக்கி, குண்டு வில்லாக வளைந்து போய்த் தொலைவில் விழும்படி விடுவது ரேண்டம். குழலை ஏறத்தாழ 45 பாகை தூக்கினால் குண்டு மிக அதிக தூரம் போகும் என்பது அன்றைய பீரங்கிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆக, பத்திரத்தில் இருந்த ரேண்டம் குருட்டுச் சூடு அல்ல. அந்தப் பீரங்கியால் முடிந்த உச்ச தூரம். மட்டத்தில் சுட்டிருந்தால் சில நூறு கஜம் கிடைத்திருக்கும். ஒரு தொழிற்சொல்லின் பலத்தில் ஊர் ஊராகக் கிடைத்தது. விற்ற பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த இங்கிலீஷ் சொல்லின் உட்பொருளை யாராவது எடுத்துச் சொன்னார்களா என்ற கேள்வி, இதைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

இந்தத் தொடரைக் கடலூரில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு அந்தக் குண்டு மட்டும் காரணமல்ல. 1746-இல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை தென்னாட்டில் கம்பெனியின் தலைமை இடமே இந்தக் கோட்டைதான். சென்னையிலிருந்து தப்பிய இளம் குமாஸ்தா ராபர்ட் கிளைவ் வந்து சேர்ந்த இடமும் இதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். ஆனால் அதற்குமுன் அறுபது எழுபது வருஷம் இங்கே கணக்கு எழுதினார்கள், துணி கட்டினார்கள், கடிதம் எழுதினார்கள். அந்தக் காகிதங்களின் வழியாக நம் சொற்கள் கப்பலேறின. ஒரே ஒலியுள்ள அவர்கள் சொல்லும் நம் சொல்லும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்ததும் இங்கேதான்.

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குகிறது குழப்பம். ஆறுகள் கூடும் இடம் கூடல். கெடிலமும் உப்பனாறும் பரவனாறும் சேரும் இடத்தில் இருந்ததால் கூடலூர். ஆங்கிலேயர் வாயில் அது கட்டலூர் ஆயிற்று. அந்த எழுத்துகளைத் திரும்பத் தமிழில் படித்தபோது, பக்கத்தில் கடலும் இருந்ததால், கடலூர் என்று நிலைத்துவிட்டது. ஆற்றின் பெயர் கடலின் பெயராக மாறியது. கேட்டவுடன் பொருள் விளங்குகிறது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அறியாத ஒலியை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது மனிதக் காதின் இயல்பு. மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மார்பில் அறைந்து அழுதவர்களின் குரல், வெள்ளைச் சிப்பாய்களின் காதில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்று இரண்டு ஆங்கிலப் பெயர்களாக விழுந்தது. 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதிக்கு அதையே பெயராக வைத்தார்கள். அதைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், நூல் வெளிவருவதற்கு நான்கு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். இந்தத் தொடரில் நான் அடிக்கடி போய்த் தட்டும் கதவு அந்த அகராதிதான்.

இனி காசுக்கு வருவோம். இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் வாசகர்கள் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள். காசுதானே கேஷ் ஆயிற்று?

ஆமாம் என்பதும் சரி, இல்லை என்பதும் சரி. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. கையிருப்புப் பணம் என்ற பொருளில் வங்கியில் நாம் கேட்கும் கேஷ், இலத்தீனில் பெட்டி என்று பொருள்படும் கப்சாவின் வம்சம். அது பிரெஞ்சில் கேஸ், இத்தாலியில் கஸ்ஸா. முதலில் பணப்பெட்டியைத்தான் கேஷ் என்றார்கள், பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே அந்தப் பெயர் ஆயிற்று. பெட்டிக்குக் காவல் இருந்தவர் கேஷியர்.

இன்னொரு கேஷ் நம்முடையது. சின்னச் செப்பு நாணயம். தமிழ்க் காசைப் போர்த்துக்கீசியர் எழுதிக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறும்வரை இதுதான் முறை. பணம் என்பதும் அன்று ஒரு தனி நாணயத்தின் பெயர், ஆங்கிலேயர் அதை ஃபனம் என்று எழுதினார்கள். 'காசு பணம்' என்று இன்றும் இரண்டையும் இணைத்துச் சொல்கிறோமே, ஒரு பழைய கணக்கேட்டின் இரண்டு பத்தி அந்தத் தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காசு என்ற சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதை 'கைஷா' என்று எழுதினார்கள். கைஷா என்றால் அவர்கள் மொழியில் பெட்டி. அதே இலத்தீன் கப்சாவின் பிள்ளை! தமிழ் நாணயத்துக்குத் தங்கள் பெட்டிச் சொல்லின் சட்டையை மாட்டிவிட்டார்கள். உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்க அதுதான் காரணம். கோட்டைக் குமாஸ்தா கையிருப்பு எவ்வளவு என்று எழுதும்போது ஐரோப்பியக் கேஷ், கூலி இத்தனை வராகன், இத்தனை பணம், இத்தனை காசு என்று எழுதும்போது தமிழ்க் கேஷ். ஆகவே வங்கிக் கேஷ் நம் காசிலிருந்து போனதல்ல. ஆனால் ஆங்கில அகராதியைத் திறந்தால் நம் காசும் அங்கே தனியாகத் தன் இடத்தில் இருக்கிறது.

இதே போல் கறி. ஆங்கிலத்தில் கறி மூன்று. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த நூலுக்கு 'தி ஃபோர்ம் ஆஃப் குரி' என்று பெயர். அதைக் காட்டி, கறி எங்களிடம் முன்பே இருந்தது என்று சொல்பவர்கள் அங்கே உண்டு. அந்தக் குரி, சமைப்பது என்று பொருள்படும் பிரெஞ்சு 'குயிர்' வழி வந்தது. மிளகையோ குழம்பையோ அது அறியாது. இரண்டாவது கறி, குதிரையைத் தேய்த்துவிடுவது. ஒருவரைக் காக்காய் பிடிப்பதை ஆங்கிலத்தில் கறி ஃபேவர் என்பார்களே, அது இதிலிருந்துதான் பிறந்தது. ஃபோவெல் என்பது பழைய பிரெஞ்சுக் கதை ஒன்றில் வரும் பழுப்புக் குதிரை. அந்தக் குதிரையைத் தேய்த்துவிட்டால் காரியம் ஆகும். குதிரையின் கதை மறந்துபோனதும் ஃபோவெல் ஃபேவர் ஆகிவிட்டது. கூடலூர் கடலூர் ஆனதைப் போலத்தான். மூன்றாவது கறி மட்டும் நம் கறி. போர்த்துக்கீசியர் வாயில் கரில் ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. இலண்டனில் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலில் இந்திய முறைக் கறி அச்சேறிய ஆண்டு 1747. அந்த வருஷம் கடலூர்க் கோட்டைதான் தென்னாட்டில் கம்பெனியின் தலைமை இடம்.

கஞ்சியும் தோப்பும் இதே வகை. பணிவாகக் குனிந்து விடைபெறுவது ஆங்கிலத்தில் கான்ஜி, பிரெஞ்சு மூலம். நெசவாளர் பாவுக்குப் போட்டதும் சிப்பாய் குடித்ததும் நம் கஞ்சி. தப்புச் செய்த சிப்பாயைப் பூட்டி வைக்கும் அறைக்கு அவர்கள் 'கான்ஜி ஹவுஸ்' என்றே பெயர் வைத்தார்கள், அங்கே சாப்பாடு அதுதான் என்பதால். மிதமிஞ்சிக் குடிப்பது ஆங்கிலத்தில் டோப். போர்க் கடிதங்களில் எதிரி மாமரத் டோப்பில் ஒளிந்திருந்தான் என்று வந்தால் அது நம் தோப்பு. புத்த ஸ்தூபத்துக்கும் டோப் என்று பெயர் இருக்கிறது. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தக் கரையிலிருந்து போன சொற்களில் மிகத் தொலைவு அலைந்தது கட்டுமரம். அதே 1690-இல் சென்னைப்பட்டினத்தில் தங்கிப்போன மாலுமி வில்லியம் டாம்பியர், தன் பயண நூலில் கட்டுமரத்தை விவரித்தார். அதற்கு முன்பே மருத்துவர் ஜான் ஃபிரையர் அதைத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மிதக்கும் மரத்தில், கால்கள் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்க, அலைமேல் உட்கார்ந்து போகும் மனிதரைக் கண்ட வியப்பு அவர்கள் எழுத்தில் தெரிகிறது. துறைமுகம் இல்லாத கரை இது. கப்பல் தொலைவில் நிற்கும். அலையைத் தாண்டிச் சேதி கொண்டுபோனது கட்டுமரக்காரர்தான்.

பிறகு அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1804-இல் ஆங்கிலக் கடற்படை, பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டது. அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த அந்த வெடிக்குக் கட்டமரான் என்று பெயர். அதே காலத்துக் கொச்சை ஆங்கிலத்தில் சண்டைக்காரியான கிழவியும் கட்டமரான் ஆனாள். சொல்லின் முன்பாதியில் கேட்கும் 'கேட்', பூனை என்ற பொருளில், அந்த வசவுக்குத் துணை போயிருக்க வேண்டும். 1876-இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு செய்து நியூயார்க் பந்தயத்தில் ஜெயித்தார். அதன்பின் இரட்டை உடல் கொண்ட படகெல்லாம் கட்டமரான் ஆனது. நம்முடையதில் உடலே கிடையாது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். கட்டுவதுதான் அதன் உயிர். அந்தக் 'கட்டு' ஆங்கிலத்துக்குப் போனதும் பொருளற்ற ஒலியாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் தேவனாம்பட்டினம் பட்ட பாட்டுக்குப் பிறகு, இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் குறைந்துகொண்டே போகிறது. பிறந்த கரையில் பொருள் மறைகிறது, சொல் மட்டும் உலகக் கடல்களில் ஓடுகிறது. எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம். கம்பெனிக் காகிதங்களில் அது 'சில்லம்பரம்', கோயிலுக்கு 'பகோடா'. 1781 ஜூனில் அயர் கூட் என்ற தளபதி, ஹைதர் அலியின் ஆட்கள் அரண் செய்து வைத்திருந்த சிதம்பரம் பகோடாவைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார் என்று படிக்கும்போது, அது நடராசர் கோயிலின் மதில் என்பதை நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரோடு நடந்த சண்டையில் கூட் ஜெயித்தார். பகோடா என்பது அவர்களுக்குக் கோயில், சிலை, வராகன் நாணயம் மூன்றுக்கும் ஒரே சொல். இந்தியாவுக்குப் போய்ப் பணம் குவிப்பதைப் பகோடா மரத்தை உலுக்குவது என்றார்கள். கோயில் மரமா நாணய மரமா என்றால் நாணய மரம்தான். போர்த்துக்கீசியர் வழி வந்த இந்தச் சொல்லுக்கு மூலம் பகவதி என்பவர்களும் உண்டு, சிலை வைத்த வீடு என்று பொருள்படும் பாரசீகச் சொல் என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. சாயங்காலம் நாம் கொறிக்கும் பக்கோடா வடமொழி வழி வந்த வேறு குடும்பம், இந்த வழக்கில் அதற்கு இடமில்லை.

சிதம்பரத்தில் நிற்கும்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைக்காமல் நகர முடியாது. 1929-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் மொழியியல் துறையை வளர்த்தார். தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை அங்கே பணியாற்றினார். பாவாணரின் உழைப்புக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். தமிழ்ச் சொற்களின் வேரை ஒரு வாழ்நாள் முழுக்கத் தோண்டியவர் அவர். ஆனால் உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்ற அவருடைய முடிவோடு என்னால் சேர்ந்து நடக்க முடியவில்லை. ஏன் என்பதற்கு இரண்டு எண்களே போதும்.

எட்டு, எய்ட். ஒன்று, ஒன். காதுக்கு இரட்டைப் பிள்ளைகள். எய்ட்டை எழுதும்போது நடுவில் ஒலிக்காத இரண்டெழுத்து இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது தொண்டையிலிருந்து ஒலித்தது, சொல் ஏறத்தாழ 'எயஹ்த'. இலத்தீனில் அது ஆக்டோ. பின்னால் போகப் போகத் தொண்டை ஒலி வலுக்கிறது. நம் எட்டைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, தெலுங்கில் எனிமிதி. மூக்கொலி வருகிறது. இன்றைக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும், பின்னால் போகப் போக விலகுகின்றன. உறவுள்ள சொற்கள் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். ஒன் என்பதில் நாம் கேட்கும் 'வ' ஒலியும் பிற்காலத்தில் ஒட்டியது. ஒன்லி, அலோன் ஆகிய சொற்களில் பழைய ஒலி அப்படியே தங்கியிருக்கிறது. ஒன்லியில் உள்ள முதல் பாதிதான் அன்றைய ஒன்.

பாவாணர் சிதம்பரத்தை விட்ட அதே 1961-இல், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி வெளிவந்தது. ஒரு சொல்லுக்கு இனமான சொற்களைத் தமிழ், மலையாளம், தெலுங்கு, கோத்தம், தோடம் என்று வரிசையாக நிறுத்திக் காட்டும் நூல் அது. அதைப் புரட்டிய பிறகு, நமக்கு உரியதில்லாத எய்ட்டையும் வங்கிக் கேஷையும் இழுத்துப் பிடிக்க எனக்கு ஆசை வருவதில்லை. மிளகுத்தண்ணீர், சுருட்டு, குருந்தம், வெட்டிவேர் என்று வழி தெரிந்து போனவை இருக்கின்றன. எந்தக் கப்பலில், யார் வாயில், எந்த நூற்றாண்டில் என்று சொல்ல முடிகிறது. மீனவரும் நெசவாளரும் சுமை தூக்கியவரும் தந்த சொற்கள் அவை. அவர்கள் தந்ததை ஒழுங்காகக் கணக்கெடுப்பதே பெரிய வேலை.

கடைசியாக ஒரு சொல். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பழைய சரக்கு அறைகள் உண்டு. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிடங்கி. பரங்கிப்பேட்டையிலிருந்தும் கடலூரிலிருந்தும் துணி ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேவுக்கும் போன மரைக்காயர், செட்டி வணிகர்களோடு பெரும்பாலும் இந்தச் சொல்லும் போயிருக்க வேண்டும். மலாய் மொழியில் அது குடாங். அங்கே போர்த்துக்கீசியர் எடுத்துக்கொண்டார்கள், அவர்களைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயர் கொடவுன் என்றார்கள். படியிறங்கிப் போகும் நிலவறை, அதனால் 'கோ டவுன்' என்று தங்களுக்குள் விளக்கமும் சொல்லிக்கொண்டார்கள். அது காது சொன்ன விளக்கம். சுற்றி முடித்துச் சொல் இந்தக் கரைக்கே திரும்பியது. இப்போது முதுநகரில் லாரியிலிருந்து மூட்டையை இறக்கும் தொழிலாளியிடம் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டால், குடோனுக்கு என்பார். கதவுக்கு மேலே உள்ள பலகையில் கிடங்கு என்று எழுதியிருக்கும்.